உங்களுக்குத் தெரியுமா? ஒப்பிடுவது நிரலின் வேலை, முடிவு உங்கள் கையில்

இரண்டு வரிசைகள் எங்கே மாறுபடுகின்றன என்று காட்டும் 'டிஃப்' நிரல், 1970களில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸுக்காகப் பிறந்தது. அதன் வழிமுறையை ஹன்ட்டும் மக்கில்ராயும் 1976இல் விளக்கினார்கள். அது விடையைத் தனக்குரிய வடிவில் அச்சிட்டுத் தரும். பெர்ல் மொழியின் 'அல்காரிதம் டிஃப்' தொகுதி போன வழி வேறு: இரண்டிலும் இருக்கும் உறுப்புக்கு ஒன்று, முதல் வரிசையில் மட்டும் இருப்பதற்கு ஒன்று, இரண்டாவதில் மட்டும் இருப்பதற்கு ஒன்று என மூன்று செயற்கூறுகளைக் கால்பேக்காக, அதாவது தேவைப்படும்போது நிரல் திருப்பி அழைக்கும்படி, கொடுத்தால் போதும். வரிசைகளில் நடந்துபோய் உரிய இடத்தில் உரியதை அதுவே அழைக்கும். வண்ணமிட்டுக் காட்டுவதா, எண்ணிக்கை மட்டும் எடுப்பதா என்பது உங்கள் விருப்பம். இந்தப் பிரிவினைதான் சரியானது என்பேன்.

ஒவ்வொரு உறுப்புக்கும் ஓர் அழைப்பு என்றால் வேகம் குறையாதா? அழைப்புகள் இரு வரிசைகளின் நீளங்களின் கூட்டுத்தொகையைத் தாண்டுவதில்லை. பெரிய வரிசைகளில் பெரும்பாடு, ஒப்பீட்டுக்கு அடிப்படையான, இரண்டுக்கும் பொதுவான மிக நீண்ட தொடரைக் கண்டுபிடிப்பதில்தான். நிரலின் ஓட்டம் கைமாறுவதால் படிக்கச் சற்றுக் கடினம் என்பது உண்மை. ஆனால் எது 'ஒன்றே' என்பதையும் ஒரு கால்பேக்கிடம் விடலாமே! யூனிக்கோடில் 'கொ' என்பதன் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இரண்டையும் ஒரே வடிவாக்கித் தரும் செயற்கூற்றைக் கொடுத்தால், ஒப்பிடும் நிரலில் ஒரு வரிகூட மாறாமல் அந்தப் பொய் வேறுபாடு மறைந்துவிடும்.