நரம்பை மீட்டியவர்

1966இல் வெளியான ‘தி வைல்டு ஏஞ்சல்ஸ்’ என்னும் அமெரிக்க மோட்டார் சைக்கிள் படத்திற்கு டேவி ஆலன் வாசித்த கிதார், ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் ‘ஃபஸ்’ கருவியால் என்ஜினின் உறுமலோடு ஒன்றிப்போனதால், அவ்வகைப் படங்கள் பலவற்றில் அவரது வாசிப்பு தொடர்ந்து இடம்பெற்றது. தமிழிலும் கிதார் ஒரு பாடலின் அடையாளமானதுண்டு: 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலுக்குத் திரையில் மோகன் தோன்றினாலும், ஒலிப்பதிவுக் கூடத்தில் கிதார் வாசித்தவர் இளையராஜா குழுவின் ஆர். சந்திரசேகர் ஆவார். சுரங்களை ஒருசேர ஒலிக்கவிடாமல் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்க்கும் ‘ஆர்பெஜியோ’ முறையில் அவர் மீட்டிய தொடக்கத்தைக் கேட்டதுமே, தேநீர்க் கடையில் நிற்பவரும் பாடலை அடையாளம் கண்டுகொள்வார். ஆயினும் இசைத்தட்டு உறைகளில் இசையமைப்பாளர், கவிஞர், பாடகர் பெயர்களே பெரும்பாலும் அச்சாயின என்பது, அந்த விரல்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியே.