சுப்பிரமணியம்: பெயரும் பெயரனும்

நம்மோடு பல்கலைக்கழகத்தில் பயிலும் தமிழ் மாணவர்களின் பெயர்ப் பட்டியலைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். சுப்பிரமணியம் என்பதையே தம் பெயராகக் கொண்டவர் அதில் அரிது. ஆனால் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்பவற்றுக்குப் பின்னால், தந்தை பெயராக அது இன்றும் நிற்கக் காணலாம். நம் தாத்தாக்களும் தந்தையரும் பெருமளவில் தாங்கிய இப்பெயர் எங்கிருந்து வந்தது?

பெயரின் பிறப்பு

இது வடசொல். 'சு' என்றால் நல்ல, மேலான என்று பொருள். 'பிரம்மண்ய' என்பது வேதநெறியில் பற்றுடையவன் என்பதைக் குறிக்கும். வேதகாலச் சோம வேள்வியில் பதினாறு வேள்வி ஆசிரியர்கள் உண்டு. அவர்களுள் ஒருவருக்குச் 'சுப்பிரமண்யர்' என்றே பெயர். இந்திரனை வேள்விக்கு அழைக்கும் மந்திரத்தை ஓதுவது அவர் பணி. அச்சொல் பிற்காலத்தில்தான் தென்னாட்டில் முருகனுக்குரிய பெயராக நிலைபெற்றது.

சங்கப் புலவர்கள் முருகு, சேய், செவ்வேள், நெடுவேள் என்றே அழைத்தனர். பின்னர் தமிழரின் முருக வழிபாடும் வடநாட்டுக் கந்த வழிபாடும் ஒன்றாகக் கலந்தபோது, புதிய பெயரும் உடன் வந்து சேர்ந்தது. இன்று திருப்பரங்குன்றம், திருச்செந்தூர், திருத்தணி ஆகிய மூன்று படைவீடுகளும் சுப்பிரமணிய சுவாமி கோயில் என்றே வழங்கப்படுகின்றன. கோயிலில் கேட்ட பெயரைப் பிள்ளைக்குச் சூட்டுவது நம் வழக்கமன்றோ!

ஒரு பெயர், பல வடிவம்

தமிழில் 'அன்' என்பதே ஆண்பால் விகுதி. ஆயினும் ஆறுமுகம், சிதம்பரம், மாணிக்கம் போல, 'அம்' என முடியும் சுப்பிரமணியமும் ஆண்பெயராக நின்றுவிட்டது. தமிழ்நாட்டில் சுப்பிரமணியன், சுப்பிரமணி என்பனவும் மிகுதி. நம் நாட்டிலும் இலங்கையிலும் சுப்பிரமணியம் என்பதே பெருவழக்கு. சுப்பையா, சுப்பு, மணி, மணியம் என்று செல்லமாகவும் குறுகும். 1882இல் பிறந்த மகாகவி பாரதி, இளமையில் வீட்டாருக்குச் சுப்பையாதான்.

தெலுங்கு, கன்னட, மலையாள நாடுகளிலும் இப்பெயர் உண்டு. 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரில் முன்னால் நிற்பது அவருடைய தந்தை பெயரே.

மலாயா மண்ணில்

சஞ்சிக்கூலிகளாகவும் வணிகர்களாகவும் கடல் கடந்து வந்தவர்கள் முருக வழிபாட்டையும் கொண்டு வந்தார்கள். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. அங்கு 2006இல் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை திறப்பு விழாக் கண்டது. ஈப்போ கல்லுமலைக் கோயிலும் சுப்பிரமணியர் கோயிலே. இத்தகைய சூழலில் வீட்டுக்கு வீடு ஒரு சுப்பிரமணியம் இருந்ததில் வியப்பில்லை.

பெயர் உரோமன் எழுத்துக்கு மாறியபோது ஒரு சிக்கல் எழுந்தது. தமிழில் 'ப' ஒன்றே. அங்கோ வல்லொலிக்கு ஓர் எழுத்து, மெல்லொலிக்கு ஓர் எழுத்து. வடமொழி ஒலியைப் பின்பற்றியவர் மெல்லொலியில் எழுதினார். தமிழ் வாய்க்கு வந்தபடி எழுதியவர் வல்லொலியில் எழுதினார். உடன்பிறந்தவர்களின் பத்திரங்களில்கூடத் தந்தை பெயர் இருவேறு விதமாக இருப்பதற்கு இதுவே காரணம். கெடா மாநிலம் பீடோங்கில் 1942இல் பிறந்த சுப்பிரமணியம் கிருஷ்ணன், கே. எஸ். மணியம் என்ற சுருக்கப் பெயரிலேயே ஆங்கில நாவலாசிரியராகப் புகழ்பெற்றார்.

இனி?

இப்பெயர் பின்வாங்கியதற்கு ஒரு காரணம் மட்டுமில்லை. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் தாக்கத்தால், பலர் செந்தில், வேலன், இளங்கோ எனப் பெயர் சூட்டினர். அண்மைக் காலத்தில் எண்கணிதமும் சுருக்கமான, புதுமையான பெயர் மீதுள்ள ஆசையும் சேர்ந்துகொண்டன. தமிழ்ப் பெயருக்கு இடம்விட்டு வடசொல் விலகியது என்றால் மகிழலாம். எந்த மொழியிலும் பொருள் தராத ஓசைகளுக்கு இடம்விட்டது என்றால்?

பேரன் என்ற சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதே அதன் பொருள். குடும்பப் பெயர் இல்லாத நமக்கு, தலைமுறைகளை இணைத்த கயிறு அந்த வழக்கம்தான். அது அறுந்தால், அடையாள அட்டையில் தந்தை பெயருக்கு ஒரு தலைமுறை ஆயுள் மட்டுமே. இன்று நம் பெயருக்குப் பின்னால் நிற்கும் சுப்பிரமணியம், நாளை நம் பிள்ளைகளின் அட்டையில் இருக்காது. அங்கே நம் பெயர் நிற்கும்.

எல்லாரும் சுப்பிரமணியம் என்றே பெயரிட வேண்டும் என்பதல்ல நம் வாதம். தாத்தாவின் பெயரை, அதன் பொருளோடும் அவர் ஊரோடும் ஒரு நோட்டில் எழுதி வைப்போம். நாளை நம் பிள்ளைக்குப் பெயர் தேடும்போது, எண்கணித நூலைப் புரட்டுமுன் அந்த நோட்டைப் புரட்டுவோம்.