நான்கு சக்கரமும் நல்ல துறைமுகமும்

புனித சின்னப்பரின் அடிச்சுவடுகளைத் தேடிக் கிரேக்க நாட்டிற்குச் செல்லும் திருப்பயணிகள் பேருந்திலும் கப்பலிலும் செல்வர். கொரிந்து நகரின் இடிபாடுகளுக்கிடையே கால் கடுக்க நடப்பர். நான்கு சக்கர மோட்டார் சைக்கிளில் அமர்ந்து, தலைக்கவசம் அணிந்து, புழுதியில் குளித்து அவரைத் தேடிச் சென்றவர்கள் மிகச் சிலராகவே இருப்பர். ஐம்பது வயதைக் கடந்த பங்குக் குருவாகிய நாமும் அச்சிலருள் ஒருவரானோம். அந்த ஒரு நாள் நமக்குப் புகட்டிய பாடம், வீட்டு வாசலில் மோட்டார் வண்டி நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரியது என எண்ணுவதாலேயே இதனை எழுதத் துணிகிறோம்.

2023ஆம் ஆண்டு மே மாதம் பங்கு மக்கள் இருபது பேருடன் திருப்பயணம் மேற்கொண்டோம். தெசலோனிக்கே, பிலிப்பி, கொரிந்து, ஏதென்ஸ் ஆகிய நகரங்களைக் கண்டபின், இன்று கிரீட் என வழங்கும் கிரேத்தா தீவை அடைந்தோம். முதல் நாள் ஹெராக்ளியோன் நகரில் புனித தீத்துவின் ஆலயத்தில் அவரது தலையின் அருளிக்கத்தை வணங்கினோம். திருச்சபையை ஒழுங்குபடுத்தும் பொருட்டுச் சின்னப்பர் இத்தீவில் விட்டுச்சென்ற சீடர் அவரன்றோ! 1669இல் அந்நகர் துருக்கியர் வசமானபோது வெனிஸ் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்த அருளிக்கம், 1966இல்தான் தன் தீவிற்குத் திரும்பியது.

மறுநாள் ஓய்வு நாள். முதியோர் கடற்கரையில் இளைப்பாற முடிவு செய்தனர். இளைஞர் நால்வரோ மலைக்குச் செல்லத் திட்டமிட்டிருந்தனர். அவர்களுள் கல்லூரி மாணவன் ஒருவன் நம்மை அணுகி, "ஃபாதர், வழிகாட்டி ஒருவருடன் குவாட் பைக்கில் செல்கிறோம். நீங்களும் வாருங்கள்" என்றான். இந்த வயதில் நமக்கு அது தகுமா என்று மறுத்தோம். "நாம் போய்ச் சேரும் ஊரின் பெயர் கலி லிமெனெஸ், ஃபாதர்" என்றான் அவன்.

'நல்ல துறைமுகம்' என்பது அப்பெயரின் பொருள். உரோமைக்குக் கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட சின்னப்பரின் கப்பல் ஒதுங்கி நின்ற இடமென்று அப்போஸ்தலர் பணி நூலின் 27ஆம் அதிகாரம் கூறும் அதே துறைமுகம். மறுத்துப் பேச நமக்கு வாய் எழவில்லை.

வண்டியும் அதன் குணமும்

கிரேத்தா, கிரேக்கத் தீவுகள் அனைத்திலும் பெரியது. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளமுடையது. பெரிய நகரங்கள் வடகரையில் உள்ளன. தென்பகுதியில் ஒலிவ மரங்கள் செறிந்த மெசாரா சமவெளியும், அதற்குத் தெற்கே அரண்போல் நிற்கும் அஸ்தெரூசியா மலைத்தொடரும் உள. அதன் மிக உயர்ந்த சிகரம் கோபினாஸ். உயரம் 1,231 மீட்டர். மலையின் மறுபுறம் சரிந்து கடலில் முடிகிறது. அக்கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்காதான். பாறைகளில் கூடு கட்டும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் அரிய செடிகளுக்கும் உறைவிடமான இம்மலைகளை யுனெஸ்கோ 2020இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.

சமவெளியின் விளிம்பிலுள்ள சிற்றூர் ஒன்றில் ஏழு வண்டிகள் காத்திருந்தன. முதல் வண்டி வழிகாட்டிக்கு. கடைசி வண்டி அவருடைய உதவியாளருக்கு. இடையில் ஐந்து வண்டிகள் நமக்கு. கார் ஓட்டும் உரிமத்தையும், நம் நாட்டிலிருந்து பெற்று வந்த சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வழிகாட்டி வாங்கிப் பார்த்தார். பயணக் காப்பீடுகள் பல இவ்வண்டியால் நேரும் விபத்தை ஏற்பதில்லை. இதில் செல்ல விரும்புவோர் ஊரிலிருந்து புறப்படுமுன்னரே அதை விசாரித்துக்கொள்வது நலம்.

வழிகாட்டி அறுபது வயது மதிக்கத்தக்கவர். ஆட்டிடையர் குடும்பத்தில் பிறந்து, அம்மலைகளிலேயே வளர்ந்தவர். "இங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர் யார்?" என்று கேட்டார். நாம் பெருமிதத்துடன் கை உயர்த்தினோம். கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலி நிறைவேற்ற முப்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளில் சென்று வருபவரன்றோ நாம்! அவர் நம்மைப் பார்த்துச் சிரித்து, "அப்படியானால் உங்களிடம்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும்" என்றார். அதை வேடிக்கைப் பேச்சென்றே கொண்டோம்.

பின்னர் அவர் விளக்கினார். இருசக்கர வண்டி வளைவில் தானே சாயும், இது சாயாது. ஆகவே ஓட்டுபவர் தம் உடலை வளைவின் உட்புறமாகச் சாய்க்க வேண்டும். தவறினால் வண்டி வெளிப்புறமாகக் கவிழும். மேட்டில் ஏறுகையில் முன்னே குனிய வேண்டும்; இறக்கத்தில் பின்னே சாய வேண்டும். வேகத்தைக் கூட்டுவது கைப்பிடியை முறுக்கி அன்று. வலது கட்டைவிரலால் ஒரு சிறு நெம்புகோலை அழுத்தி. காற்று குறைவாக அடைக்கப்பட்ட பருத்த டயர்கள் கல்லையும் மணலையும் எளிதில் கடக்கும். அந்த எளிமையே ஓட்டுபவரை ஏமாற்றும். எல்லாவற்றிற்கும் மேலாக ஒன்றை மும்முறை சொன்னார்: "வண்டி ஓடும்போது காலைத் தரையில் ஊன்றாதீர்கள். இருசக்கர வண்டியில் கால் உங்களைக் காக்கும். இதில் பின்சக்கரம் அந்தக் காலின்மேல் ஏறும்."

வழி காட்டும் அன்னை

சீவாஸ், லிஸ்தாரோஸ் என்னும் ஊர்களைக் கடந்து மலையில் ஏறினோம். ஊர்களுக்குள் நுழையுமுன் வழிகாட்டி கையை உயர்த்துவார். ஏழு வண்டிகளும் நடை வேகத்திற்கு வந்துவிடும். திண்ணைகளில் அமர்ந்திருந்த முதியோர் கையசைத்தனர். ஆட்டுமந்தை எதிர்ப்பட்டால் எஞ்சினையே நிறுத்திவிடுவார். பாதையை விட்டு விலகி மலைச்சரிவில் ஏற எவரையும் அவர் அனுமதிக்கவில்லை. "சக்கரம் ஒருமுறை நசுக்கிய செடி மீண்டும் தலையெடுக்க ஆண்டுகள் ஆகும், இங்கே மழை குறைவு" என்றார். வாடகை வண்டிகளைத் தனியே எடுத்து வந்து மனம்போனபடி ஓட்டுவோரால் இம்மலைக்கு ஏற்படும் காயங்கள் அவரை வருத்துகின்றன என்பது பேச்சில் தெரிந்தது.

தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்கிய சிறிது நேரத்தில், கோட்டை போன்ற மதில் சூழ்ந்த பழைய துறவிமடம் ஒன்று தென்பட்டது. அதன் பெயர் ஒதிகித்ரியா. ஆர்த்தடாக்ஸ் சபையினரின் மடம் அது. உள்ளே சென்று சற்று நேரம் செபித்தோம். 'ஒதிகித்ரியா' என்றால் 'வழி காட்டுபவள்' என்பது பொருள். அப்பெயருடைய திருவோவியங்களில் தேவதாய் ஒரு கரத்தில் திருக்குழந்தையை ஏந்தி, மறு கரத்தால் அக்குழந்தையைச் சுட்டிக் காட்டுவார். தம்மை நோக்கியன்று, தம் மகனை நோக்கியே நம் பார்வையைத் திருப்புகிறார்.

வெளியே வந்தபோது வழிகாட்டி தம் மொழியைப் பற்றி ஒரு செய்தி சொன்னார். கிரேக்க மொழியில் 'ஒதிகோஸ்' என்ற ஒரே சொல் வழிகாட்டியையும் குறிக்கும், வண்டி ஓட்டுநரையும் குறிக்கும். அன்னையின் பெயரும் அதே வேரிலிருந்து பிறந்ததே. வண்டி ஓட்டுபவன் எவனும் வழி காட்டுபவனே என்பது அம்மொழியின் கொள்கை போலும் என்று நாம் வியந்தோம். வியந்தோமே தவிர, அச்சொல்லை நமக்கு உரியதாகக் கொள்ளவில்லை.

ஒரு கால் செய்த பிழை

மடத்தைக் கடந்ததும் பாதை இறங்கத் தொடங்கியது. அரை மணி நேரம் ஓட்டியதில் வண்டி நமக்கு வசப்பட்டுவிட்டதாக ஓர் எண்ணம். வரிசையில் நான்காவதாக வந்த நாம், புழுதியிலிருந்து தப்ப இடைவெளியைக் கூட்டினோம். பின்னர் அதை ஈடுசெய்ய வேகத்தைக் கூட்டினோம். ஒரு திருப்பத்தில் இரு குன்றுகளுக்கிடையே நீலக்கடல் திடீரெனத் தோன்றிற்று. ஒரு கணம் கண் அங்கே சென்றது. அதற்குள் வளைவு வந்துவிட்டது; சரளைக் கல்லில் பின்சக்கரம் வழுக்கிற்று. முப்பது ஆண்டுப் பழக்கம் நம்மைக் கேளாமலே வலது காலைத் தரையில் ஊன்றியது.

செருப்பன்று, தடித்த ஷூ அணிந்திருந்தோம். சக்கரம் அதன் குதிகாலைப் பற்றிக் கிழித்து எறிந்தது. கால் எவ்வாறு விடுபட்டது என்பது இறைவனுக்கே வெளிச்சம். ஒரு சாண் தவறியிருப்பின், கால் முறிந்திருக்கும். வண்டியோடு பள்ளத்தில் உருண்டிருப்போம்.

உதவியாளர் ஒலியெழுப்ப, முன்னே சென்ற வழிகாட்டி நின்று, நடந்தே திரும்பி வந்தார். கிழிந்த ஷூவை எடுத்துப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவரோ நம் காலைத் தொட்டுப் பார்த்து, வலியில்லை என்று உறுதி செய்துகொண்ட பின், "இனி என் வண்டிக்கு அடுத்து வாருங்கள். கடலைப் பார்க்க வேண்டாம். என் முதுகைப் பாருங்கள். கடலைக் காட்ட வேண்டிய இடத்தில் நானே நிறுத்துவேன்" என்றார்.

தேர்ச்சி குறைந்தவரைத் தமக்கு மிக அருகில் வைத்துக்கொள்வது வழிகாட்டிகளின் முறையாம். இளைஞர்கள் தலைகவிழ்ந்து புன்னகைத்தனர். நாணத்தால் நம் முகம் சிவந்தது. ஆயினும் எஞ்சிய பாதை நெடுகிலும் அவர் சாய்ந்த பக்கம் சாய்ந்தோம். அவர் குறைத்தபோது குறைத்தோம். அப்போதுதான் அந்த வண்டி உண்மையில் நம் கைக்கு அடங்கியது.

நல்ல துறைமுகத்தில்

கலி லிமெனெஸ் ஒரு சிறு குடா. சில வீடுகள், கடற்கரை, மேட்டின்மேல் புனித சின்னப்பரின் பெயரால் வெண்ணிறச் சிற்றாலயம். எதிரே உள்ள சிறு தீவில் கப்பல்களுக்கு எரியெண்ணெய் வழங்கும் பெருந்தொட்டிகள். வழிகாட்டி வண்டியை நிறுத்தி, "இப்போது கடலைப் பாருங்கள்" என்றார்.

மேற்கே லித்தினோ முனை தெரிந்தது. அதுவரை கரையின் மறைவில் வந்த கப்பல் அம்முனையைக் கடந்தால், கரை வடக்கே விலகிச் செல்ல, காற்றின் வாயில் அகப்படும். ஆகவேதான் சின்னப்பரின் கப்பல் இங்கே நின்றது. நோன்பு நாள் கழிந்து, கடற்பயணத்திற்குக் காலம் தவறியிருந்தது. பயணத்தைத் தொடர்ந்தால் சரக்கிற்கும் கப்பலுக்கும் உயிர்களுக்குமே சேதம் விளையும் என்று சின்னப்பர் எச்சரித்தார். நூற்றுவர் தலைவனோ கப்பலோட்டியையும் கப்பலின் உரிமையாளனையும் நம்பினான். அத்துறை குளிர்காலத்தைக் கழிக்க வசதியற்றது என்பதால், மேற்கே பேனிக்ஸ் துறைக்குச் செல்லப் பெரும்பாலோர் விரும்பினர். தென்றல் மெல்ல வீசியது; நினைத்தது கைகூடியதென்று நங்கூரத்தைத் தூக்கினர். சிறிது நேரத்தில் தீவின் பக்கமிருந்து வடகிழக்குப் பெருங்காற்று பாய்ந்து வந்தது. 276 பேருடன் அலைக்கழிந்த கப்பல் பதினான்காம் இரவில் மால்த்தா தீவை நெருங்கி, விடிந்தபின் அங்கே உடைந்தது. உயிர்கள் மட்டும் இறையருளால் தப்பின.

அப்பகுதியை ஆலய வாசலில் அமர்ந்து இளைஞர்களுக்கு வாசித்தோம். பலமுறை வாசித்ததுதான். அன்று மட்டும் அந்தக் கப்பலோட்டியை நம்மால் இகழ முடியவில்லை. அவன் தொழில் தெரியாதவன் அல்லன், நன்கு தெரிந்தவன். தெரியும் என்பதே அவனுக்கு வினையாயிற்று. மெல்லிய தென்றலும் வசதியான துறையும் அவனை அழைத்தபோது, எச்சரித்த கைதியின் சொல் அவன் செவியில் ஏறவில்லை.

அவ்வாண்டுத் தவக்காலத்தில் நாம் நடத்திய ஓர் அடக்கச் சடங்கு நினைவுக்கு வந்தது. இறந்தவன் பத்தொன்பது வயது இளைஞன். மோட்டார் சைக்கிள் விபத்து. தலைக்கவசம் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் அவன் தந்தை நம் கையைப் பற்றிக்கொண்டு, "அவன் நன்றாக ஓட்டுவானே, சாமி! நன்றாக ஓட்டுவானே!" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். அந்த அடக்கத் திருப்பலியில் எச்சரிக்கையைப் பற்றி மறையுரையாற்றிய நாமே, மூன்று திங்கள் கழியுமுன் மும்முறை எச்சரிக்கப்பட்டும் காலை ஊன்றினோம். அந்தப் பிள்ளைக்கும் நமக்கும் வேறுபாடு ஒரு சாண்தான்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

ஊர் திரும்பிய ஞாயிறன்று அந்தக் கிழிந்த ஷூவைப் பீடத்தருகே கொண்டுவந்து காட்டி, நடந்ததை மறைக்காமல் கூறினோம். குருவானவர் தம் தவற்றைச் சொன்னதாலோ என்னவோ, அன்று ஆலயத்தில் ஓர் அமைதி நிலவியது. திருப்பலி முடிந்தபின் இறந்த இளைஞனின் தந்தை திருப்பண்ட அறைக்கு வந்தார். ஷூவைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பின், "உங்களைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார், சாமி" என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

அவர் சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. ஆனால் குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, அதை உங்களிடம் சேர்ப்பிக்கக் கடமைப்பட்டுள்ளோம். பதினெட்டு நிரம்பாத மகன் வண்டிச் சாவியைக் கேட்கையில், "அவனுக்கு ஓட்டத் தெரியும்" என்று பெருமை கொள்ளாதீர்கள். ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட அவனுக்குத் தெரியுமா என்று பாருங்கள். உரிமம் பெற்ற பின்னரும் சில காலம் அவனை உங்கள் கண்ணெதிரே ஓட்டச் செய்யுங்கள். ஆணியில் தொங்கும் தலைக்கவசத்தை முதலில் நீங்கள் அணியுங்கள். உங்கள் முதுகைப் பார்த்தே அவன் பின்னால் வருகிறான். தவறு செய்து திரும்பும் நாளில் திட்டித் துரத்தாமல், முதலில் காலைத் தொட்டுப் பாருங்கள்; பின்னர் வரிசையில் உங்களுக்கு அடுத்த இடத்தை அவனுக்குக் கொடுங்கள்.

நம் இல்லங்களில் ஓட்டுநராக இருப்போர் அனைவரும் வழிகாட்டிகளாகவும் விளங்க, திருமகனைச் சுட்டிக்காட்டும் அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக.