பலகையில் நின்று துடுப்புப் போடும் பந்தயம்: பெற்றோர் கவனத்திற்கு

கோவளத்தில் 'ஸ்டாண்ட் அப் பேடில்' பழகிப் பந்தயத்துக்குப் போக வேண்டும் என்று நம் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். தடுக்க வேண்டியதில்லை, நல்ல விளையாட்டுதான். ஆனால் நீச்சல் தெரியாமல் அனுப்பக் கூடாது.

பந்தயப் பலகை 14 அடி நீளம்; ஒடுக்கமானது, புதியவரைக் கவிழ்த்துவிடும். 10, 11 அடி நீளமும் 32 அங்குல அகலமும் உள்ள பலகையில் முதலில் பழகட்டும். துடுப்பு ஆளைவிட ஒரு சாண் உயரம் இருந்தால் போதும். போட்டிகளில் 200 மீட்டர் விரைவுப் பந்தயம் உண்டு, மிதவைகளைச் சுற்றி வரும் பந்தயமும் உண்டு. புதியவர்கள் விழுவது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான்.

அலையைவிட அஞ்ச வேண்டியது காற்றுக்கு. கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது கரையோரம் தண்ணீர் அமைதியாகவே தெரியும். பலகையில் நிற்பவர் உடம்போ பாய்மரம் போலாகி, அவரை உள்ளே கொண்டுபோய்விடும். உடனே முழங்காலிட வேண்டும். முடியாவிட்டால் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவிக் கரைக்கு வர வேண்டும். பலகையை விட்டுவிட்டு நீந்தவே கூடாது. காலில் கயிறு கட்டுவது அதற்காகத்தான். லைஃப் ஜாக்கெட்டும் அவசியம்.

உடல் மறைக்கும் நீச்சலுடை ஆண், பெண் இருபாலருக்கும் கிடைக்கிறது. சுப்ஹு தொழுதுவிட்டுப் பயிற்சிக்குப் போகலாம், பயிற்சியாளர் கூட இருந்தால் மட்டும்.