ரயில் விட்டுச் சென்ற வழி



மலைமேல் மிதிவண்டி ஓட்டுதல் கடினம் என்று எல்லோரும் சொல்லுவர். ஆயினும், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், மிதிவண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டுவோர் கூட்டம் என்றும் குறைவதில்லை. அம் மலையூர் எங்கள் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே 1863-ஆம் ஆண்டு லெவிஞ்சு என்னும் ஆங்கில அதிகாரி அமைத்த ஏரியைச் சுற்றி, சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு சாலை உண்டு. சிறுவரும் பெரியவரும் மூச்சு வாங்காமல் அதைச் சுற்றி வருகின்றனர். காரணம் எளியது. தேங்கிய நீர் மட்டமாகவே நிற்கும். நீரின் ஓரத்தையே பற்றிச் செல்லும் சாலையும் பெரும்பாலும் மட்டமாகவே அமைந்துவிடுகிறது.

இத்தகைய வழி ஐந்து கிலோமீட்டருக்குப் பதிலாக ஐம்பது, நூறு கிலோமீட்டர் நீளம் கிடைக்குமானால் எப்படி இருக்கும்? உலகின் பல நாடுகளில் அவ்வாறு கிடைத்திருக்கிறது. மிதிவண்டிக்காரர்களுக்கென்று அதை எவரும் முதலில் அமைக்கவில்லை. ரயில் பொறியாளர்கள் அமைத்தார்கள். ரயில் நின்ற பிறகு அது மிதிவண்டிக்கு உரியதாயிற்று.

ரயில் பாதை ஏன் அவ்வளவு மென்மையாக ஏறி இறங்குகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மீது உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஓர் எஞ்சின் பல பெட்டிகளை எளிதில் இழுக்கிறது. ஆனால் ஏற்றம் வந்தால் அந்த நன்மையே தீமையாகிறது. சக்கரத்திற்குப் பிடிப்பு போதாமல் வழுக்கத் தொடங்கும். ஆகவே பொறியாளர் மேட்டை வெட்டுகிறார், பள்ளத்தில் கரை எழுப்புகிறார், ஓடைக்குப் பாலம் கட்டுகிறார், வளைவுகளை அகலமாக விடுகிறார். சமவெளியில் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம் என்பதே ரயிலுக்குப் பெரிய ஏற்றமாகும்.

மிதிவண்டியில் செல்லும் மனிதனும் வலிமை குறைந்த ஓர் எஞ்சினே. நெடுநேரம் மிதிக்கக்கூடிய ஒருவருடைய ஆற்றல், குதிரைத்திறனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆளும் வண்டியுமாக 80 கிலோ என்று கொள்ளுங்கள். இருபதுக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில், பின்னோக்கி இழுக்கும் விசை 4 கிலோ எடைக்குச் சமம். அங்கே அவர் மணிக்கு ஏழு கிலோமீட்டரைத் தாண்ட முடியாது. விரைந்து நடப்பவருடைய வேகம் அது. நூறுக்கு ஒன்று என்னும் ரயில் ஏற்றத்திலோ அந்த இழுவை 800 கிராம் மட்டுமே. பழக்கம் இல்லாதவரும், வயது முதிர்ந்தவரும் ரயில் கரைமீது நெடுந்தூரம் செல்ல முடிவதன் மர்மம் இக்கணக்கில் அடங்கியிருக்கிறது.

மோட்டார் வண்டி பெருகியபின், மேலைநாடுகளில் வருவாய் குன்றிய பல கிளைப் பாதைகள் மூடப்பட்டன. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்னும் இரு ஊர்களுக்கு இடையே அவ்வாறு கைவிடப்பட்ட சுமார் 51 கிலோமீட்டர் வழி, 1960-களில் மிதிவண்டிப் பாதையாக மாற்றப்பட்டது. அதில் மூன்று சுரங்கங்கள் உண்டு. மிக நீண்டது ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. அங்கே கையில் விளக்கை ஏந்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். ஸ்பெயின் நாடு 1993 முதல் இத்தகைய வழிகளைப் 'பசுமை வழிகள்' என்று பெயரிட்டு வளர்த்து, இன்று 3,000 கிலோமீட்டருக்கும் மேல் கொண்டிருக்கிறது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் 1990-இல் ரயில் நின்றது. 2000-ஆம் ஆண்டில் அவ்வழி 152 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதையாகத் திறக்கப்பட்டது. ரயிலோடு வாழ்வும் போயிற்று என்று எண்ணியிருந்த சிற்றூர்களில் விடுதிகளும் உணவுக்கடைகளும் மீண்டும் விளங்கின. இதற்கு ஒரு முக்கியக் காரணம் வாடகை வண்டி. பயணி ஓர் ஊரில் வண்டியை எடுத்து, சில நாள் ஓட்டி, வேறோர் ஊரில் விட்டுச் செல்லலாம். அவருடைய மூட்டையை வாடகை நிலையத்தாரே அடுத்த விடுதிக்குக் கொண்டு சேர்ப்பர். வண்டியைச் சொந்தமாக வைத்திருப்பவருக்கு மட்டும் என்றால், அத்தனை தூரத்தில் இருக்கும் பாதைக்கு எத்தனை பேர் வரமுடியும்?

வாடகை மிதிவண்டி நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் ஒவ்வொரு கடைத்தெருவிலும் ஒரு காலத்தில் வாடகை சைக்கிள் கடை இருந்தது. மட்கார்டில் எண் எழுதிய வண்டி. பெயரும் நேரமும் குறிக்க ஒரு நோட்டு. மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். சொந்த வண்டி வாங்க வகையற்ற வீட்டுப் பிள்ளைகள், கால் எட்டாமல் குரங்குப் பெடல் போட்டு ஓட்டப் பழகியது அக்கடைகளின் வண்டியில்தான். இன்று வாடகைக்கு எடுப்போரும் அக்காலத்து ஒழுங்கைக் கைக்கொள்வது நல்லது. இரு பிரேக்குகளையும் அழுத்திப் பாருங்கள். டயரில் காற்றை விரலால் சோதியுங்கள். இருக்கையை உங்கள் உயரத்திற்குத் தக்கபடி ஏற்றி இறக்கிக் கொள்ளுங்கள். வழியில் பஞ்சர் ஆனால் யார் பொறுப்பு என்பதைப் புறப்படுமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி நம் பக்கத்திற்கு வருவோம். திண்டுக்கல் 1875 முதல் ரயில் கண்ட ஊர். இங்கிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சி செல்லும் பாதை 1928-இல் மீட்டர் பாதையாக அமைந்தது. இன்று அகலப்பாதையாகி ரயில் ஓடுகிறது. அங்கே மிதிவண்டிக்கு இடமில்லை. ரயில் ஓடும் பாதையில் அத்துமீறி நுழைவது சட்டப்படி குற்றமுமாகும். எனினும் தெற்கே உள்ள மதுரை - போடிநாயக்கனூர்ப் பாதை நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. அதுவும் 1928-இல் திறக்கப்பட்டதே. இரண்டாம் உலகப் போரின்போது அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. கரை அழியாமல் இருந்தமையால் 1950-களில் மீண்டும் ரயில் ஓடியது. 2010-இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்டு, 2022-இல் தேனிக்கும், 2023-இல் போடிக்கும் ரயில் திரும்பியது. தண்டவாளம் போனாலும் வழி இருந்தால் ரயில் வரும்.

போடிக்கு மேலே மலையில் இதற்கு மாறான கதை ஒன்று உண்டு. மூணாற்றுத் தேயிலையைக் கொண்டுவர 1902-இல் டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. 1908-இல் அது குறும்பாதை ரயிலாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவட வழியாகக் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துச் சென்றது. ரயில் திரும்பவே இல்லை. அதன் வழி சாலைக்குப் பயன்பட்டது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இன்று அங்கே செல்வோர், பழைய ரயில் சென்ற மலைச்சரிவையே காண்கின்றனர். ஆனால் மோட்டார் வண்டிகளுக்கு இடையில்தான் மிதிவண்டி செல்லவேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சுக்கு மிகவும் பொருந்திய இடம் காவிரிச் சமவெளியில் இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்கு 1926-இல் திறந்த சுமார் 30 கிலோமீட்டர்ப் பாதை, 1986-இல் நிறுத்தப்பட்டது. வயல்களுக்கு இடையே தொடங்கி, டேனிஷ்காரர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு அருகே கடலோரத்தில் முடியும் வழி அது. மீண்டும் ரயில் வேண்டும் என்று அப்பகுதி மக்கள் கேட்பது நியாயமே. மிதிவண்டிப் பாதை அமைத்தால் ரயில் வராமற் போய்விடாதோ என்று அவர்கள் அஞ்சினால் அதுவும் இயல்பே.

இந்த அச்சத்திற்கு அமெரிக்கா 1983-இல் ஒரு சட்டத் திருத்தத்தால் விடை கண்டது. ரயில் நின்ற வழியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடாமல், பிற்காலத்து ரயிலுக்கென்று முழுமையாக வைத்திருக்க வேண்டும். அதுவரை மக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் அதைப் பயன்படுத்தலாம். வங்கியில் இட்ட பணம் போல் வழியைச் சேமிக்கும் ஏற்பாடு இது. மக்கள் நாள்தோறும் செல்லும் வழியில் எவரும் எளிதில் வேலி போடமாட்டார். பயனற்றுக் கிடக்கும் கரையையோ முள்ளும் ஆக்கிரமிப்பும் விரைவில் விழுங்கிவிடும்.

முப்பது கிலோமீட்டர்க் கரையில் இருபது மீட்டர் போனாலும் வழி அறுந்துவிடும். அதை மீண்டும் இணைக்க நிலம் கையகப்படுத்தல், வழக்கு, இழப்பீடு என்று ஆண்டுகள் கழியும். ஆகவே ஒரு கிளைப் பாதை மூடப்படுகிறது என்ற செய்தியைக் கேட்கும்போது, ரயில் நின்றதே என்று வருந்துவதோடு நின்றுவிடாதீர்கள். கரையும் பாலங்களும் யார் பொறுப்பில் இருக்கும் என்ற கேள்வியையும் உடனே கேளுங்கள். காலம் தாழ்த்தாமல் கேட்டால், அவ்வழியில் வாடகை மிதிவண்டியாவது ஓடும். ஒருநாள் ரயிலும் ஓடலாம்.