பருவைச் சீவாதீங்க, பாஸ்!

முகமெல்லாம் பரு. ஆபீஸுக்கோ ஷேவ் பண்ணாமல் போக முடியாது. என்ன செய்ய? தாராளமாகப் பண்ணுங்கள். ஆனால் பருவையும் சேர்த்துச் சீவித் தள்ளாதீர்கள். பரு போய்விடும், தழும்பு போகாது!

குளித்த கையோடு ஷேவ் பண்ணுங்கள். தண்ணீரில் ஊறிய முடி மெத்தென்று இருக்கும். நுரை தாராளமாக, பிளேடு புதுசாக இருக்கட்டும். முடி வளரும் திசையிலேயே அழுத்தாமல் இழுங்கள். 'மழமழ'ன்னு வரணுமே என்று எதிர்த்திசையில் இழுத்தால், முடி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து புதுக் கட்டியைக் கிளப்பும். எரிகிற ஆஃப்டர் ஷேவ் வேண்டாம்; பச்சைத் தண்ணீர் போதும். பரு கட்டியாகி வலித்தால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

பழுத்த பருவைச் சுற்றி நாலு முடி நின்றால் நிற்கட்டுமே. அதற்கெல்லாம் எந்த மேனேஜரும் மெமோ கொடுக்க மாட்டார்!