உற்றவர் யார், உரியவர் யார்?

இரத்தினபுரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டத்திலோ, கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டத்திலோ தொழிலாளி ஒருவர் இறந்துவிட்டால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. கொள்ளி வைப்பவர் யார் என்பது ஒன்று. அவருடைய சேமலாப நிதி யாரைச் சேரும் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு லயத்து மூத்தவர்கள் ஒரு நாழிகைக்குள் விடை கூறிவிடுவர். இரண்டாவதற்கு விடை காண்பதில் சில குடும்பங்களுக்கு ஆண்டுகளே கழிந்து விடுகின்றன. இரண்டிற்கும் விடை ஒன்றே என்று எண்ணிவிடுவதுதான் இத்தொல்லைக்குப் பெரிதும் காரணமாகும்.

'நெருங்கிய உறவினர்' என்னும் சொல் ஆஸ்பத்திரிப் பத்திரத்திலும், வேலைக்குப் பேர் பதியும் பத்திரத்திலும் காணப்படுவது. ஆபத்து நேர்ந்தால் யாருக்கு அறிவிப்பது, சடலத்தை அடையாளங் காட்டிப் பொறுப்பேற்பவர் யார் என்பனவற்றை அறிவதே அதன் நோக்கம். அவ்விடத்தில் அடுத்த காம்பிராவில் வாழும் மைத்துனனின் பெயர் எழுதப்பட்டிருக்கலாம். அதனால் மைத்துனன் வாரிசாகிவிடுவதில்லை. வாரிசு என்பவர் சட்டம் வகுத்த வரிசையில் நிற்பவர்.

அச்சட்டம் எது என்பதிலும் சிலருக்கு மயக்கம் உண்டு. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுத்து நடைமுறைப்படுத்திய தேசவழமை வடபகுதித் தமிழருக்கு உரியது. தோட்டத் தமிழருக்கு அது பொருந்தாது. தோட்டத்தைச் சூழ்ந்த கிராமங்களில் வாழும் கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம் உண்டு. அதில் தீக விவாகம் செய்து கணவன் வீடு சென்ற மகள் தந்தையின் முதுசத்தில் உரிமை இழப்பாள். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த மக்களுடன் இந்தியாவின் இந்துச் சட்டம் இலங்கைக்கு வரவில்லை. ஆகவே தோட்டத் தமிழருக்கு நாட்டின் பொதுச் சட்டமே பொருந்தும். உரோமன் ஒல்லாந்தச் சட்டமும், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டமும் சேர்ந்ததே அது.

அதன் கணக்கு எளிதானது. மரணசாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் உடைமையில் பாதி, உயிரோடிருக்கும் மனைவிக்கு அல்லது கணவனுக்கு. எஞ்சிய பாதி பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரியும். எடுத்துக்காட்டாக, எட்டியாந்தோட்டைப் பகுதியில் பால் வெட்டிய ஒருவர் ஆறு இலட்சம் ரூபாவை வைத்துவிட்டு இறந்தார் எனக் கொள்வோம். மனைவியும், மகன் ஒருவனும், மகள்மார் இருவரும் இருக்கின்றனர். மனைவிக்கு மூன்று இலட்சம். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் இலட்சம். கொள்ளி வைத்தவன் என்பதற்காக மகனுக்கு ஒரு சதமேனும் கூடாது. கட்டிக் கொடுத்த பெண் என்பதற்காக மகளுக்கு ஒரு சதமேனும் குறையாது. தந்தைக்கு முன்னரே இறந்த பிள்ளையின் பங்கு அப்பிள்ளையின் மக்களைச் சேரும். பிள்ளைகளே இல்லாதவிடத்துத்தான் பெற்றோரும் உடன்பிறந்தோரும் வரிசையில் முன் வருவர். வழக்கத்தில் மகளைப் பின்னே நிறுத்தும் குடும்பங்களுக்கு இது கசப்பாகத் தோன்றலாம்; ஆனால் சட்டம் இதில் நியாயத்தின் பக்கமே நிற்கின்றது.

இனிச் சேமலாப நிதிக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இந்நிதியில் தொழிலாளியின் சம்பளத்தில் குறைந்தது நூற்றுக்கு 8 பங்கும், தொழில் கொள்வோரிடமிருந்து 12 பங்கும் சேர்கின்றன. பணம் மத்திய வங்கியின் பொறுப்பில் இருக்கின்றது. அங்கத்தவர் தமக்குப் பின் இதைப் பெறவேண்டியவரின் பெயரைப் பத்திரத்தில் எழுதி நியமிக்கலாம். இறந்தபின் முதலில் பார்க்கப்படுவது அந்தப் பத்திரமே. அது இல்லாதபோதுதான் வாரிசுகளின் கணக்கு வருகின்றது. பதினெட்டு வயதில் பேர் பதிந்த இளைஞன் தாயின் பெயரையோ தம்பியின் பெயரையோ எழுதுவது இயல்பு. பின்பு விவாகமாகி, பிள்ளைகள் பிறந்து, தலையும் நரைத்து விடுகின்றது. பத்திரமோ அப்படியே கிடக்கின்றது. விவாகம் நடந்த கிழமையே தோட்டக் கந்தோருக்குச் சென்று பெயரைப் புதுப்பித்தவர் எத்தனை பேர்?

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி கிடைக்கும் பணிக்கொடையின் இயல்பு வேறு. ஐந்தாண்டு சேவை நிறைந்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம் வீதம் கணக்கிடப்படும் இத்தொகை, அவர் இறந்தால் வாரிசுகளுக்கு உரியது. வேலையில் விபத்து நேர்ந்து உயிர் போயிற்றாயின், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இன்னொரு கேள்வி கேட்கின்றது: இறந்தவரின் உழைப்பை நம்பி வாழ்ந்தவர் யார்? நட்டஈடு ஆணையாளரிடம் கட்டப்பட்டு, அவரால் அத்தகையோருக்குப் பகிர்ந்தளிக்கப்படும். ஒருவர் இறந்த ஒரே வீட்டில் நியமனம் பெற்றவர் ஒருவராகவும், வாரிசுகள் வேறு சிலராகவும், நம்பி வாழ்ந்தவர் இன்னொருவராகவும் இருத்தல் கூடும்.

எல்லாவற்றிலும் கடினமானது விவாகப் பதிவு இல்லாத மனைவியின் நிலை. கோயிலில் தாலி கட்டி, ஊரறிய முப்பது ஆண்டு வாழ்ந்திருப்பார்; பதிவுத் துண்டு மட்டும் இராது. கணவன் மனைவியாக நெடுங்காலம் வாழ்ந்து, அயலவராலும் அவ்வாறே மதிக்கப்பட்டோரை விவாகமானவராகவே கொள்ளலாம் என்பதை நீதிமன்றங்கள் ஏற்று வந்துள்ளன. எனினும் அதைச் சாட்சிகளால் நிறுவ வேண்டிய பாரம் அப்பெண்ணின் தலையில் விழுகின்றது. அவர் அதில் தோற்றால் பிள்ளைகளும் தோற்பர். சட்டபூர்வமற்ற பிள்ளை தாயின் உடைமையைப் பெறும், தந்தையின் உடைமையைப் பெறாது என்பதே 1876ஆம் ஆண்டின் விதி. எடுத்து வளர்த்த பிள்ளைக்கும் 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும். பாசம் மட்டும் போதாது.

பெயரும் தொல்லை தரும். செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் வேறொரு பெயர், அடையாள அட்டையில் அதே பெயர் வேறோர் எழுத்துக்கூட்டில் என்று இருந்தால், மூவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடிக்கவேண்டும். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்துப் புலத்கொஹுபிட்டியவில் மண் சரிந்து தோட்ட லயத்தை மூடியது போன்ற அனர்த்தங்களில், ஆட்களோடு அவர்களுடைய பத்திரங்களும் புதைந்து விடுகின்றன.

உறவுகள் கடலால் பிரிந்த குடும்பங்களும் பல. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அண்ணன் இறக்குவானையிலும் தம்பி நீலகிரியிலுமாக வாழ்வு பிரிந்தது. பிரசாவுரிமை மாறியதனால் வாரிசுரிமை அற்றுப் போவதில்லை. முகவரி தெரியாத வாரிசும் வாரிசே. பங்கிடும்போது அவரை மறைத்துவிடுவது குற்றமாகும்.

தோட்டத்து மக்களுக்கு முதுசமென்று நெடுங்காலம் பணமும் நகையும் மாடும் அன்றி வேறொன்றும் இருந்ததில்லை. லயத்துக் காம்பிரா தோட்டத்தின் உடைமை. தலைமுறைகள் வாழ்ந்தாலும் அதை மகனுக்கோ மகளுக்கோ எழுதிவைக்க இயலாது. அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடும் உரித்துறுதியும் பெறும் குடும்பங்களுக்கோ, நிலத்தை யாருக்கு விடுவது என்ற கேள்வி முதன்முறையாக வாசலுக்கு வந்திருக்கின்றது. சட்டத்தின் பங்கீடு போதாதென்று கருதுவோர் மரணசாசனம் எழுதலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அது பிரசித்த நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் ஒப்பமிடப்படல் வேண்டும். நொத்தாரிசு இல்லாவிடின் ஐந்து சாட்சிகள் வேண்டும். ஐவரும் ஒரே வேளையில் ஒருங்கே இருக்க, எழுதியவர் அவர்கள் முன்னிலையில் ஒப்பமிடவோ, இட்ட ஒப்பம் தமதென ஏற்கவோ வேண்டும்; அவர் முன்னிலையில் ஐவரும் ஒப்பமிடவேண்டும்.